படிந்ததும் தேய்ந்ததும்: பிக்கிள்பால் மட்டை, கிரிப் பராமரிப்பு குறித்த அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலாக மட்டையால் அடித்து ஆடும் பிக்கிள்பாலில், மட்டையை எதைக் கொண்டு துடைப்பது என்று கேட்பதற்கு முன்பு, அதன் முகத்தில் நேர்ந்திருப்பது படிவா, தேய்மானமா என்று பிரித்தறிய வேண்டும் என்பதை வலியுறுத்தவே இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன். படிவை நீக்க முடியும். தேய்ந்ததை மீட்க முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல மட்டைகளைப் பாழாக்கியவர்களை நான் பல ஆடுகளங்களில் பார்த்திருக்கிறேன்.

நான் ஆடுவது பூச்சு இல்லாத கார்பன் ஃபைபர் முகம் கொண்ட மட்டை. ஒரு கட்டத்தில், சுழற்றி அனுப்பும் சர்வீஸ்கள் முன்புபோல் இறங்காமல் நீண்டு சென்று கோட்டுக்கு வெளியே விழத் தொடங்கின. மட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, நடுப்பகுதியில் பந்தின் மஞ்சள் நிறம் மெல்லிய பளபளப்பாகப் பரவியிருந்தது. இத்தகைய முகத்தின் சொரசொரப்பு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும். மட்டையைத் தயாரிக்கும்போது, கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசின் இறுகுவதற்கு முன் பீல் ப்ளை எனப்படும் துணியை அதன் மேல் அழுத்தி, இறுகிய பின் உரித்தெடுக்கிறார்கள். துணியின் நெசவு பிசினில் பதிந்து நுண்ணிய மேடுபள்ளங்களாக நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் யுஎஸ்ஏ பிக்கிள்பால் அமைப்பின் விதிப்படி இந்த மேடுபள்ளங்களின் சராசரி உயரம் 30 மைக்ரோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு தலைமுடியின் பருமன்கூட பொதுவாக இதைவிட அதிகம். அவ்வளவு ஆழமற்ற பள்ளங்களை நிரப்ப, ஒவ்வோர் அடியிலும் பந்திலிருந்து உரசி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்கே போதும்.

இதற்கென விற்கப்படும் ரப்பர் கட்டியால் உலர்ந்த முகத்தை அழுத்தம் கொடுக்காமல் சிறு வட்டங்களாகத் தேய்த்தேன். படிந்திருந்த பிளாஸ்டிக் துகள்களாகத் திரண்டு உதிர்ந்தது. மட்டையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மற்றோர் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்தேன். அதன் பிறகு ஆடியபோது பந்து மீண்டும் மட்டையைப் பற்றிச் சுழன்றது. அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டு, நிறம் கண்ணுக்குத் தெரியும்போது மட்டுமே ரப்பர் கட்டியை எடுக்கிறேன். அடிக்கடி தேய்ப்பதால் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

துடைத்த பிறகு ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது. விரல் நகத்தை முகத்தின் நடுவில் மெதுவாக இழுத்து, பின்பு பந்து அரிதாகவே படும் மேல் மூலையில் இழுத்துப் பாருங்கள். இரண்டிடங்களிலும் ஒரே மாதிரி சரசரப்பு கேட்டால் படிவு நீங்கிவிட்டது என்று பொருள். துடைத்த பின்னும் நடுப்பகுதி வழுவழுப்பாக இருந்தால் அங்கே பிசின் மேடுகள் தேய்ந்துவிட்டன. இனி எந்தக் கட்டியும் துணியும் உதவாது.

சொரசொரப்பான பூச்சைத் தெளித்து உருவாக்கிய முகங்களுக்கு இந்த ரப்பர் கட்டி பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேய்க்கத் தேய்க்க அந்தப் பூச்சே உதிர்ந்துவிடும். அவற்றுக்கு ஈரத்துணி மட்டுமே ஏற்றது.

இரண்டாம் பதிவு: கிரிப் பற்றி

முகத்தைப் பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. நான் கைப்பிடியைப் பற்றி எழுத விரும்புகிறேன். என்னைப் போல உள்ளங்கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு மட்டையின் முகத்தைவிட முதலில் கைவிடுவது கிரிப் எனப்படும் கைப்பிடிச் சுற்றுப்பட்டைதான். கைப்பிடியோடு ஒட்டியிருப்பது அடிக் கிரிப், அதன் மேல் சுற்றி அவ்வப்போது மாற்றும் மெல்லிய பட்டை ஓவர்கிரிப்.

என்னுடன் இரட்டையர் ஆட்டம் ஆடும் ஒருவர் முழங்கை வலி என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மட்டையை ஒருநாள் கையில் வாங்கியபோது, பழைய ஓவர்கிரிப்பைக் கழற்றாமலேயே அதன் மேல் புதியதைச் சுற்றிச் சுற்றி, எண்பட்டை வடிவில் இருக்க வேண்டிய கைப்பிடி முழு உருளையாகிப் போயிருப்பதை உணர்ந்தேன். பட்டைகள் விரலுக்குத் தெரிந்தால்தான் மட்டையின் முகம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்க்காமலேயே கை அறியும். அது தெரியாதபோது கை தன்னையறியாமல் இறுக்கிப் பிடிக்கத் தொடங்குகிறது. ஓர் ஓவர்கிரிப்பின் பருமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் என்றாலும், அது கைப்பிடியின் இருபுறமும் கூடுவதாலும், ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் சற்றே ஏறுவதாலும் கைப்பிடியின் சுற்றளவு விரைவாகக் கூடிவிடுகிறது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வோர் அடுக்காக உரித்தோம். உள்ளே இருந்தவை கறுத்து, ஈரம் காயாமல் நாற்றமெடுத்திருந்தன. அடிக் கிரிப்பையும் மாற்றி, ஒரே ஓவர்கிரிப்பைச் சுற்றிய பிறகு அவர் மட்டையைப் பிடிக்கும் விதமே தளர்ந்து இயல்பானது. வலி முழுவதும் கிரிப்பால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் அவர் இறுக்கிப் பிடிப்பது குறைந்ததை எதிர்ப்பக்கம் ஆடியவர்களே கவனித்தார்கள்.

ஓவர்கிரிப்பின் ஒட்டும் தன்மையைக் கெடுப்பவை வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெய்ப் பசையும்தான். இவற்றோடு, ஆட்டத்துக்கு முன் பூசிக்கொள்ளும் சன்ஸ்க்ரீனையும் சேர்க்க வேண்டும். பூசிய கையை உடனே கழுவித் துடைத்துவிட்டு மட்டையைத் தொட்டால் கிரிப் நெடுநாள் உழைக்கும். ஒட்டும் வகைக் கிரிப் வழுக்கத் தொடங்கினால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடலாம். சிறிது நாள் பிடிமானம் திரும்பும். அதைச் சோப்பில் ஊறவைத்துக் கழுவிச் சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இழுபட்டுத் தளர்ந்த பட்டை மறுமுறை அதே இறுக்கத்தில் படியாது. அதிகம் வியர்ப்பவர்கள் ஒட்டும் வகையைவிட, ஈரத்தை உறிஞ்சும் உலர்வகை ஓவர்கிரிப்பைத் தேர்வது நல்லது.

சுற்றும் முறை எளிதே. புதியதின் மேலிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, குறுகலான முனையைக் கைப்பிடியின் அடியில் ஒட்டி, ஒரே சீரான இழுப்போடு ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் விளிம்பைச் சற்றே மூடுமாறு மேலே கொண்டுசென்று, முடிவில் ஒட்டுநாடாவால் கட்ட வேண்டும். வலக்கை ஆட்டக்காரர் சுற்றும் திசைக்கு நேரெதிராக இடக்கை ஆட்டக்காரர் சுற்ற வேண்டும். இல்லையென்றால் உள்ளங்கையின் அசைவே விளிம்புகளைக் கிளப்பிவிடும். பழையதைக் கழற்றியதும் புதியதைச் சுற்றிவிடாமல், அடிக் கிரிப்பை ஓர் இரவு காற்றில் காயவிடுங்கள் என்பது என் கனிவான வேண்டுகோள்.

மூன்றாம் பதிவு: நீரும் வெப்பமும்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மட்டை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அதைக் குழாயடியில் பிடித்துக் கழுவினார். வெளியே காய்ந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆட்டத்தில் பந்து படும் ஒலி மந்தமாகியிருந்தது. குலுக்கினால் உள்ளே ஏதோ நகர்வது கேட்டது. இன்றைய மட்டைகளில் பெரும்பாலானவற்றின் உட்பகுதி பாலிபுரொப்பிலீனால் ஆன தேன்கூட்டு அமைப்பு. இருபுறமும் முகத்தகடுகள் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. விளிம்புக் காப்பின் இடுக்கு வழியாகவோ கைப்பிடி வழியாகவோ புகுந்த நீர் அந்தச் சிறு அறைகளில் தங்கிவிட்டால் எளிதில் வெளியேறாது. எடையைக் கூட்டுவதோடு பசைக்கும் கேடு விளைவிக்கும். ஆகவே நீரைத் துணியில் இடலாம், மட்டையில் ஊற்றக் கூடாது.

வெயிலில் நிறுத்திய, கண்ணாடி மூடிய காரில் மட்டையை விட்டுச் செல்வதும் அதே அளவு தீங்கானது. வெப்பத்தில் பசை இளகி, முகத்தகடு உட்பகுதியிலிருந்து பிரிந்துவிடக்கூடும். பிரிந்த இடத்தில் பந்து வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளிப் பறக்கும். சிலர் அதை வரமாக எண்ணி மகிழ்வதைக் கண்டிருக்கிறேன், ஆனால் அப்படிப்பட்ட மட்டை போட்டிக்கு ஏற்றதல்ல. எதிரே வலையருகில் நிற்பவரின் முகத்துக்கும் அது ஆபத்து. துடைத்து முடித்ததும் விரல்முட்டியால் முகம் முழுவதும் தட்டிக் கேட்பது என் வழக்கம். ஓரிடத்தில் மட்டும் ஒலி உள்ளீடற்றதாக மாறினால் அங்கே கவனம் தேவை.

அசிட்டோன் போன்ற கரைப்பான்களை மட்டையின் அருகிலேயே கொண்டுவராதீர்கள். ஆல்கஹால் நனைத்த துணியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அச்சிட்ட எழுத்துகளும் விளிம்புக் காப்பின் பசையும் அதனால் கெடலாம் என்பதால் நான் அதையும் தவிர்க்கிறேன். ஈரம் காயாத மட்டையை உறையில் போட்டு மூடுவதும் கூடாது.

மரமட்டையோடு ஆடும் பெரியவர் ஒருவர் எங்களிடையே இருக்கிறார். 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் தொடங்கியபோது மட்டைகள் ஒட்டுப்பலகையில்தான் செய்யப்பட்டன. 1984இல் போயிங் விமான நிறுவனப் பொறியாளர் ஆர்லன் பரான்டோ விமானப் பணிக்குரிய தேன்கூட்டுப் பலகையில் மட்டை செய்த பிறகுதான் வழி மாறியது. அந்தப் பெரியவர் விளிம்பில் வார்னிஷ் உரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்ப்பார், ஏனெனில் அங்கே ஈரம் புகுந்தால் அடுக்குகள் உப்பிப் பிரியும். அவருடைய கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நான்காம் பதிவு: நடுவராகப் பணியாற்றுபவரிடமிருந்து

தேய்ந்த முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக் கொண்டுவந்த ஒருவரின் மட்டையை அனுமதிக்க மறுக்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. அவர் அதைப் பராமரிப்பு என்றே மனமார நம்பினார். மட்டையில் செய்யத்தக்க மாற்றங்களை யுஎஸ்ஏ பிக்கிள்பால் விதிகள் குறிப்பிட்டுச் சொல்கின்றன: விளிம்பு ஒட்டுநாடா, எடை கூட்ட ஒட்டும் ஈய நாடா, கிரிப் மாற்றம், அடையாளக் குறிகள். ஒட்டும் நாடா வெளிவிளிம்பிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே வரக் கூடாது. கிரிப்பின் மேல்முனைக்கு மேலே 1 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முகத்தின் சொரசொரப்பைக் கூட்டுவது எந்த வகையிலும் அனுமதிக்கப்பட்டதன்று. அவர் மட்டையில் பிசின் அடுக்கு உராய்ந்து போய்க் கார்பன் இழைகளே வெளியே தெரிந்தன.

ஈயம் நச்சு என்பதால், ஈய நாடாவைக் கையாண்ட பின் கையைச் சோப்பால் கழுவுங்கள். துடைக்கும்போது அதன் மேல் துணியை ஓட்டாமல் விலக்கித் துடையுங்கள். அல்லது டங்ஸ்டன் நாடாவுக்கு மாறிவிடுங்கள்.

தொடக்கப் பதிவாளரின் மறுமொழி

நடுவர் அவர்களுக்கு நன்றி. விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பந்தையும் துடைக்க வேண்டும். வெளிப்புற ஆடுகளத்தில் உருளும் பந்து தரையின் மணல்தூளைச் சுமந்துவந்து ஒவ்வோர் அடியிலும் முகத்தில் உரசுகிறது. விரிசல் விட்ட பந்தின் கூர்விளிம்பும் அப்படியே. ஆட்டத்தின் இடைவேளையில் பந்தை ஒருமுறை துணியில் உருட்டி, விரலால் சுற்றித் தடவி, விரிசல் தென்பட்டால் உடனே ஒதுக்கிவிடுகிறேன்.