ஓய்வுபெற்ற பெரிய கிராணியின் மின்னஞ்சலைத் திறக்கலாமா?

கேள்வி (தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட் வட்டாரம், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், சென்ற மாதம் பணி ஓய்வு பெற்றார். உரம் விற்பவர்களும் பழம் ஏற்றும் லாரிக்காரர்களும் இன்னும் அவருடைய அலுவலக முகவரிக்கே எழுதுவதால், நிர்வாகி அதன் கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, அவர் பெயரிலேயே பதில் அனுப்பச் சொன்னார். திறந்ததும் கண்ணில் பட்டது அவருடைய இருதயச் சிகிச்சை பற்றிய மருத்துவமனைக் கடிதம். உடனே மூடிவிட்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். இதை நான் தொடர்வது முறைதானா?

மறுமொழி (கணினிப் பராமரிப்பாளர், ஈப்போ)

தம்பி, கடவுச்சொல்லைக் கைமாற்றியதே பிழை. அவராகவே நீங்கள் நுழைந்தால், எதை அவர் எழுதினார், எதை நீங்கள் எழுதினீர்கள் என்று பின்னாளில் எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. உரக் கணக்கில் ஒரு வில்லங்கம் வந்தால் பழி ஓய்வு பெற்றவர் மீதும் விழலாம், உங்கள் மீதும் விழலாம். உங்கள் அலுவலக மின்னஞ்சல் சேவை மைக்ரோசாஃப்ட் 365 என்றால், அதைப் பகிர்வு அஞ்சல்பெட்டியாக மாற்றச் சொல்லுங்கள். 50 ஜிபி வரை தனி உரிமம் தேவையில்லை, நீங்கள் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே அதைப் பார்க்கலாம். கணக்கை அவசரப்பட்டு அழித்துவிடவும் வேண்டாம். 30 நாள்களுக்குப் பிறகு மீட்க முடியாது. ஆனால் பகிர்வுப் பெட்டியிலும் அந்த மருத்துவமனைக் கடிதம் அப்படியேதான் இருக்கும் என்பதால், முதலில் அவரையே வரவழைத்துச் சொந்தக் கடிதங்களை எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்லது.

மறுமொழி (வழக்கறிஞர் அலுவலக ஊழியர்)

2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். (அரசாங்க அலுவலகங்களுக்கு விலக்கு, அது என்ன நியாயமோ!) ஊழியரின் தரவு எதற்குப் பயன்படும் என்பதைத் தேசிய மொழியான மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்துவழி அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. உடல்நல விவரங்களுக்கு அது கூடுதல் பாதுகாப்பும் அளிக்கிறது. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதை 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் தண்டிக்கிறது. ஆகவே நிர்வாகியின் உத்தரவை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி)

பால்மர (ரப்பர்)க் காலத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஆபீஸ் மேசைக்குத்தான் வந்து சேரும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிராணியே பிரித்து வாசித்துக் காட்டுவார். வீட்டுச் சங்கதி மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் வாயிலும் இருக்கும். அவமானப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்

நன்றி. நிர்வாகியிடம் பேசினேன். முதலில் முகம் சுளித்தாலும், உத்தரவை எழுதித் தர ஒப்புக்கொண்டார். பெரிய கிராணி திங்கட்கிழமை வருகிறார். அதுவரை, இனி அலுவலகப் பொது முகவரிக்கு எழுதுமாறு கூறும் தானியங்கிப் பதில் மட்டும் செல்லும்.