முன்பல் உடைசலுக்கு பாண்டிங் போதுமா, வெனீர் வேண்டுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி நாட்களில் கீழே விழுந்ததில் என் மேல் முன்பல் ஒன்றின் முனை சிறிது உடைந்துவிட்டது. பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய இடைவெளியும் உண்டு. வாயை மூடியபடியே சிரித்துப் பழகிவிட்டேன். ஒரு மருத்துவர் காம்போசிட் பாண்டிங் (பல் நிற ரெசினை ஒட்டி உடைந்த பகுதியை வடிவமைப்பது) போதும் என்கிறார். இன்னொருவர் ஆறு பற்களுக்கு வெனீர் (பல்லின் முன்புறத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு) போடச் சொல்கிறார். பற்கள் சற்று மஞ்சளாகவும் இருப்பதால், முதலில் பாண்டிங் செய்துகொண்டு, பிறகு வெண்மையாக்கிக்கொள்ளலாம் என எண்ணியிருக்கிறேன். இது சரியான வழிதானா?

பதில் 1:
நான் பல் மருத்துவர். நீங்கள் எண்ணியிருக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வெண்மையாக்கும் பெராக்சைடு இயற்கைப் பல்லின் நிறத்தை மாற்றுமே தவிர, ரெசினின் நிறத்தை மாற்றாது. பின்னால் வெண்மையாக்கினால் ஒட்டிய பகுதி மட்டும் மங்கலாகத் தனித்துத் தெரியும். ஆகவே வெண்மையாக்குவதை முதலில் முடித்து, ஏறக்குறைய 2 வாரம் பொறுத்திருங்கள். பெராக்சைடிலிருந்து வந்து பல்லில் தங்கும் ஆக்சிஜன் ரெசினின் பிடிப்பைக் குறைக்கும் என்பதாலும், நிறம் நிலைபெற அந்த அவகாசம் தேவை என்பதாலும் இதைச் சொல்கிறேன்.

1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோர், பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கும் முறையை வெளியிட்டார். பாண்டிங் இன்றும் அதன்மீதே நிற்கிறது. சுமார் 37 சதவீத பாஸ்போரிக் அமிலத்தைச் சில விநாடிகள் பூசிக் கழுவினால் எனாமலில் நுண்துளைகள் உண்டாகும். அவற்றுக்குள் ஊடுருவும் பசை நீல ஒளியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ரெசினை மெல்லிய அடுக்குகளாக வைத்து இறுக்கி, வடிவம் கொடுத்து மெருகேற்றுவோம். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது. வெனீருக்கோ வழக்கமாக எனாமலை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டியிருக்கும். இழந்த எனாமல் மீண்டும் வளராது. ஒரு சிறு உடைசலுக்காக நலமான ஐந்து பற்களையும் சீவுவதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று: அடிபட்ட பல்லின் உள்நரம்பு வலியே இல்லாமல் செத்துப்போயிருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுத்து, நரம்பின் உணர்வைச் சோதித்த பிறகே அதன்மேல் எதையும் ஒட்டச் சொல்லுங்கள்.

பதில் 2:
ஆறு ஆண்டுகளுக்கு முன் இரு முன்பற்களுக்கு பாண்டிங் செய்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் முறை பல்லை உலர்த்திய பிறகு நிறம் பார்த்தார்கள். உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. மறுநாள் பல் பழைய நிறத்துக்குத் திரும்பியபோது, ஒட்டிய பகுதி சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிந்தது; மாற்றிச் செய்யவேண்டி வந்தது. எனவே பல் ஈரமாக இருக்கும்போதே, இயல்பான பகல் வெளிச்சத்தில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். காபியின் கறை ஓரங்களில் படிகிறது. மெருகேற்றினால் பெருமளவு போய்விடுகிறது. ஒருமுறை நகத்தைக் கடித்தபோது முனை பெயர்ந்தது. அந்த இடத்தை மட்டும் அன்றே சரிசெய்துகொண்டேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. காலையில் விழிக்கும்போது தாடை வலிக்கும்; தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். இதனால் இடையூறு வருமா?

பதில் 1-இன் மருத்துவர்:
வரும்; இதை உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரெசின் பொதுவாக 5 முதல் 7 ஆண்டுகள் வரை நிற்கும்; பல்லைக் கடிப்பவர்களுக்கு அதற்கு வெகு முன்பே முனை உடையலாம். கீழ்ப்பல் எங்கே மோதுகிறது என்பதைப் பார்த்து ரெசினின் நீளத்தை அளவாக வைக்கச் சொல்லுங்கள். பற்களைக் காக்க இரவில் அணியும் உறையான நைட் கார்டுக்கு, பாண்டிங் முடிந்த பிறகே அளவு கொடுங்கள். முன்னதாகச் செய்தது புதிய வடிவத்தின்மேல் பொருந்தாது.