நியூட்டன் வளையங்களில் 612 வந்தால் 589.3 என்று மாற்றி எழுத வேண்டுமா?

ஓசூர் மாணவி:
ஓசூரிலிருந்து தினமும் ரயிலில் போய் பெங்களூரில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நியூட்டன் வளையச் சோதனையில் (குவிலென்ஸைச் சமதளக் கண்ணாடி மேல் வைத்தால் தெரியும் ஒளி வளையங்களின் விட்டத்தை அளப்பது) சோடியம் ஒளியின் அலைநீளம் எனக்கு 612 நானோமீட்டர் வந்தது. புத்தகத்தில் 589.3. "விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளைத் திருத்திவிடு, எல்லோரும் அப்படித்தான்" என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. லென்ஸின் வளைவு ஆரத்தை ஸ்பீரோமீட்டரில் (மூன்று கால்களும் நடுவில் ஒரு திருகுக்காலும் உள்ள கருவி) அளந்தேன்: கால்களுக்கு இடையே 4 செ.மீ., உயரம் சராசரியாக 0.277 மி.மீ., ஆரம் 96.3 செ.மீ. எங்கே பிசகியிருக்கும்?

மல்லேஸ்வரம், ஓய்வு பெற்ற ஆய்வக ஆசிரியர்:
ஓர் எண்ணைக்கூட மாற்றாதீர்கள், அம்மா. உங்கள் ஸ்பீரோமீட்டரின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய பிரிவு, 0.01 மி.மீ. நீங்கள் அளந்த உயரமோ 0.277 மி.மீ.தான். ஒரு பிரிவு தவறிப் படித்தாலே ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு போய்விடும். உயரம் கூடினால் ஆரம் குறையும்; ஆரம் குறைந்தால் அலைநீளம் அதே அளவு கூடும். 612-இல் அது சுமார் 22 நானோமீட்டர். உங்கள் வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு பிரிவுக்குள் அடங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கத்தான் செய்முறை வகுப்பே இருக்கிறது. விடை தெரிந்த சோதனையைச் செய்யச் சொல்வது, கருவி எங்கே ஏமாற்றும் என்று நாம் கற்பதற்காக. எண்ணைத் திருத்தினால் அந்தப் பாடம் கையை விட்டுப் போய்விடும்.

அடுத்த வகுப்பில் முதலில் சமதளக் கண்ணாடியில் சுழி அளவை (உயரமே இல்லாதபோது கருவி காட்டுவதை) பாருங்கள். நடுக்காலின் நுனியும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒட்டும் கணத்தில் திருகை நிறுத்துங்கள். ஒரு நூல் அதிகமாகத் திருகினாலும் கருவி நடுக்காலில் நின்று சுழலும், விரலுக்கே தெரியும்.

ஜயநகர் வாசகர்:
மதிப்பெண்ணும் முக்கியம் அல்லவா? பதிவேட்டில் 612 ± 22 என்று எழுதி, காரணத்தையும் இரண்டு வரியில் சேருங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி அங்கேதான் வரும், நீங்கள் தயாராக இருப்பீர்கள். வீட்டில் பழக வேண்டுமானால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் சிவப்பு லேசர் ஒன்று வாங்கிப் பழைய சிடி மீது செங்குத்தாக அடியுங்கள். தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். 650 நானோமீட்டர் லேசர் என்றால் முதல் வரிசைப் புள்ளி (நடுப்புள்ளிக்கு அடுத்துத் தெரிவது) 24 பாகையில் விழும். எதிரொளித்த கதிர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் மாணவி:
நன்றி சார், நன்றி அண்ணா. வளையங்களின் விட்டத்தை அளந்த நகரும் நுண்ணோக்கியில் வந்த பிழையையும் சேர்க்க வேண்டாமா?

மல்லேஸ்வரம், ஓய்வு பெற்ற ஆய்வக ஆசிரியர்:
சேருங்கள், ஆனால் அது சிறியது. பத்தாவது வளையத்தின் விட்டம் உங்களுக்கு 5 மி.மீ. அளவில் இருக்கும். அதில் 0.01 மி.மீ. பிசகினால் விட்டத்தின் வர்க்கத்தில் 0.4 சதவீதம்தான். இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை திருகை ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். நடுவில் பின்னால் திருப்பினால் புரியின் தளர்ச்சி அளவில் ஏறிக்கொள்ளும். மையத்தில் தூசி இருந்தாலும் கவலை வேண்டாம், இரண்டு வளையங்களின் வர்க்க வித்தியாசத்தை எடுக்கும்போது அது கழிந்துவிடும்.