பரங்கிப்பேட்டையில் கொடுவா எப்போது கடிக்கும்?

சேலத்திலிருந்து பஸ் பிடித்து பரங்கிப்பேட்டை வந்து தூண்டில் போடுகிற ஆள் நான். வெள்ளாற்று முகத்துவாரத்தில் கொடுவா மாட்டவே மாட்டேன் என்கிறது. ஐப்பசி மழையில் ஆறு செம்மண் நிறத்தில் வந்ததிலிருந்து இதே கதை, வருவதெல்லாம் கெளுத்திதான், அதுவும் முள்ளைக் காட்டிக்கொண்டு.

7 அடி ராடு, 4000 சைஸ் ரீல், பின்னல் நரம்பு. உயிர் இறால், சின்ன மடவை, ரப்பர் மீன் எல்லாம் போட்டாயிற்று. அமாவாசை, பௌர்ணமி பார்த்து வந்தேன், நீர் ஏறும்போதும் வடியும்போதும் நின்றேன், விடியற்காலையும் விடவில்லை. பிச்சாவரம் காட்டுக்குள்ளே போகச் சொல்லாதீர்கள், அது வனத்துறை இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், கரையில் நிற்கிற எனக்கு அது சிக்கல் இல்லை.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பே தெரியவில்லை (மேட்டூரில் மீன் பிடித்துப் பழகியவனுக்கு இதெல்லாம் புதுசு). சேர்வராயன் மலைப் பக்கத்து மழைத்தண்ணீரும் இந்த ஆற்றில்தான் வருகிறது, அதனால் இருக்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் கொடுவா நல்ல தண்ணீரிலும் வாழும் மீனாயிற்றே, அங்கேதான் குழப்பம்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்: மழை ஓய்ந்த பிறகு வெள்ளாற்று முகத்தில் கொடுவா கரையோரம் கடிக்க ஆரம்பிப்பது எந்த மாதத்தில்?