பெயர் சொல்லி அழைப்பது: உங்களை இன்னும் உறுத்தும் அனுபவம் எது?

தஞ்சைக்காரி:
விதவை ஓய்வூதிய மனு கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. "உன் வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்றார் எழுத்தர். "திருவண்ணாமலையில் தீபம் ஏற்றுகிறார்களே, அந்தச் சாமி" என்றார் பாட்டி. "அண்ணாமலையா, அருணாசலமா? சொல்லித் தொலை" என்று அவர் சத்தம் போட, வரிசையே சிரித்தது. பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். குடும்ப அட்டை அவர் கையில்தான் இருந்தது. நான் எட்டிப் பார்த்து வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை.

வைகைக்கரை:
எனக்குத் தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை எப்படிச் சொல்வது என்று அம்மா என்னைத் "தம்பி" என்றே அழைப்பார். ஏழு வயதில் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் தொலைந்துபோனேன். "தம்பி! தம்பி!" என்ற கதறல் கண்டக்டர்களின் கூவலுக்கு நடுவே எனக்கும் கேட்டது. யாரோ யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்து நின்றேன். ஒலிபெருக்கியில் அறிவிக்கப் பெயர் கேட்டபோதும் அண்ணன்தான் சொன்னானாம். அது மரியாதை, அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன்.

நெல்லைச் சீமை:
மரியாதை என்கிறீர்கள். அது எல்லார் வாசலுக்கும் வந்ததா? எழுபது வயது என் தாத்தாவை, பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி "இங்கே வாடா" என்பான். தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி "வருகிறேன் சின்னையா" என்று ஓடுவார். கண்ணால் பார்த்தவன் நான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பட்டம் போயிற்று. அந்த "டா" போக எங்கள் ஊரில் இன்னும் அறுபது வருடம் ஆயிற்று.

கடல் கடந்தவன்:
அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எழுந்திருக்க முடியவில்லை.
பாஸ்போர்ட் எடுப்பவர்கள் கவனியுங்கள். முதலெழுத்தை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால் அயலூரில் அப்பா பெயர்தான் உங்கள் பெயர். கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில், தெரியாது என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' நிற்கும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களுக்கு அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். குழந்தை பிறந்ததுமே பார்த்துவிடுங்கள்.

தஞ்சைக்காரி:
நெல்லைச் சீமை ஐயா, மரியாதை என்று நான் எழுதவில்லை. அந்த எழுத்தருக்கு என் வயதுகூட இருக்காது. பாட்டியை "நீ" என்றுதான் கேட்டார்.