சக்சன் குழாயிலிருந்து தண்ணீர் திரும்பி வாய்க்குள் வருகிறது, அவசர உதவி

கல்முனைப்_பிள்ளை:
இன்றைக்கு எங்கள் பல் கிளினிக்கில் ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரை எடுப்பது) செய்யும்போது நோயாளி திடுக்கிட்டு எழும்பி, குழாயிலிருந்து நாறல் தண்ணீர் வாய்க்குள் வந்ததென்று சொன்னார். மெஷின் ஓடுகிறது, சத்தமும் வழக்கம்போலத்தான். நாளைக் காலையும் ஆட்கள் இருக்கிறார்கள். என்ன செய்வது?

அக்கரைப்பற்று_நானா:
எந்தக் குழாய் தங்கச்சி? வளைக்கிற மெல்லிய எச்சில் குழாயா, தடித்ததா?

மட்டுநகர்_டெக்னீசியன்:
பம்ப்தான். வோல்டேஜ் விழுந்தால் இழுவை குறையும், ஸ்டெபிலைசர் போடுங்கள்.

கல்முனைப்_பிள்ளை:
மெல்லியது.

பல்லு_சீனியர்:
இதெல்லாம் கதிரைக்குப் பக்கத்தில் நிற்க முன்பே தெரிந்திருக்க வேண்டும். உதட்டை மூடி உறிஞ்சச் சொன்னீர்களா? அப்படி மூடினால் வாய்க்குள் அமுக்கம் குழாயில் இருப்பதைவிடக் குறைந்து, முந்தின ஆளின் எச்சிலும் இரத்தமும் உள்ளே நின்றால் இவர் வாய்க்கு வரும். நுனியை மாற்றினால் போதாது, பின்னால் உள்ள குழாய் எல்லோருக்கும் ஒன்றுதான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2003 வழிகாட்டியில் இது இருக்கிறது.

செங்கலடி_அக்கா:
சீனியர், கேட்க வந்த பிள்ளையை ஏசாமல் மிச்சத்தையும் சொல்லுங்கள். குழாய் வாய்க்கு மேலே தூக்கி நின்றாலும், தடித்த சக்சனை அதே நேரம் போட்டாலும் திரும்பி வரலாம். நுனியை நாக்குக்கடியில் அழுத்தி வைக்காதீர்கள் மகள், சதையை இழுத்தால் கன்றிப்போகும். ஒட்டிக்கொண்டால் பிடுங்காமல் முதலில் வால்வை மூடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் தண்ணீர் இழுத்து விடுகிறீர்களா? குழாயில் வரும் துகளைப் பிடிக்கிற பில்டரை எப்போது கழற்றினீர்கள்?

அக்கரைப்பற்று_நானா:
நாங்கள் இரவில் குளோரின் கரைசல் ஊற்றி விடுவோம், நாற்றமே இல்லை.

செங்கலடி_அக்கா:
வேண்டாம் நானா. லைனில் அமல்கம் (பாதரசம் கலந்த பல் அடைப்பு) துகள் இருந்தால் குளோரின் பட்டு பாதரசம் கரைந்து கழிவுநீரோடு போகும். குளோரின் இல்லாத, நுரைக்காத சக்சன் கிளீனர் வாங்குங்கள்.

அக்கரைப்பற்று_நானா:
இப்போது யார் அமல்கம் அடைக்கிறார்கள்?

செங்கலடி_அக்கா:
பழைய அடைப்பைத் துளைத்து எடுக்கும்போது எங்கே போகிறது? அந்தப் பில்டரை சிங்கில் கழுவவும் கூடாது, துகளை மூடி இறுகிய போத்தலில் சேருங்கள்.

மட்டுநகர்_டெக்னீசியன்:
அதை விடுங்கள், கல்முனைப் பிள்ளை வோல்டேஜ் அளந்தாரா?

கல்முனைப்_பிள்ளை:
கையுறை போட்டுப் பில்டரைக் கழற்றினேன். பஞ்சும் சாம்பல் நிறப் பசையுமாக வலை தெரியாத அளவுக்கு அடைத்திருந்தது. புதியது போட்டதும் ஒரு கப் தண்ணீரை ஒரே இழுவையில் இழுக்கிறது. இனி உதட்டை மூடச் சொல்வதில்லை என்று டொக்டரும் ஒத்துக்கொண்டார். நன்றி அக்கா.

பல்லு_சீனியர்:
நல்லது. இதனால் யாருக்கும் நோய் வந்ததாக அந்த வழிகாட்டியில் பதிவில்லை. ஆனாலும் அந்த நோயாளியைக் கூப்பிட்டு நடந்ததை விளக்குங்கள், அவருக்குத் தெரிய உரிமை இருக்கிறது.