மூச்சிளைப்பிலிருந்து ஒவ்வொரு முறை மீண்ட பின்னும் அப்பாவின் நடை குறைவது ஏன்?

கேள்வி (குடியாத்தம்):
66 வயதான என் அப்பா 40 ஆண்டுகள் பீடி சுற்றியவர், பிடித்தவரும்கூட. அவருக்குச் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளது. மார்கழியிலிருந்து இதுவரை 3 முறை இளைப்பு கடுமையாகி, வேலூருக்கு அழைத்துச் சென்று மருத்துவமனையில் சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் இளைப்பு தணிந்துதான் வீடு திரும்புகிறார். ஆனால் கடைத்தெரு வரை போய்வந்தவர் முதலில் தெருமுனையோடு நின்றார், இப்போது திண்ணையைத் தாண்டுவதில்லை. குளிக்கும்போதுகூட அம்மா கதவருகில் நிற்க வேண்டும் என்கிறார். இது வயதின் தளர்ச்சிதானா?

பதில் (காட்பாடி, இயன்முறை சிகிச்சையாளர்):
வயது மட்டும் காரணமன்று. தொற்றோ புகையோ மூச்சுக்குழாய்களை வீங்கச் செய்யும்போது, உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தங்கிவிடுவதால், அடுத்த மூச்சை இழுப்பதே பெரும் பாடாகிறது. படுக்கையில் கழியும் சில நாட்களிலேயே தொடைத் தசை மெலிகிறது. பிறகு திணறலுக்கு அஞ்சி அவர் உட்கார்ந்தே இருக்க, தசை மேலும் மெலிந்து, நான்கடி வைத்தாலே இளைக்கிறது. பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகலாம், சிலர் முழுதாகத் திரும்புவதும் இல்லை. எனவே வீடு திரும்பிய 4 வாரங்களுக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை (மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும்) தொடங்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இளைப்பு கடுமையாகும்போது மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை பெரும்பாலும் 5 நாட்களுக்குத்தான் தரப்படும். பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கித் தொடர்ந்தால் தசையும் கரையும், சர்க்கரையும் ஏறும்.

பதில் (ராணிப்பேட்டை):
நானும் இதே நோயாளி. வெள்ளைச் சளி மஞ்சளாகிக் கூடத் தொடங்கியபோதே போயிருக்க வேண்டியவன், பொங்கல் கழியட்டும் என்றிருந்தேன்; போகிப் புகையும் சேர்ந்துகொண்டது. எனக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தும், 90 என்று பார்த்துப் பதறிய மகன் சிலிண்டரைக் கூட்டி வைத்தான். ஆக்சிஜன் மிகுந்துபோனதால் உடலில் கரியமில வாயு தேங்கி, கூப்பிட்டாலும் எழாமல் கிடந்தேனாம். அதற்குப் பிறகு இரவில் தனியே படுக்க எனக்கும் அச்சம்தான், உங்கள் அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

பதில் (ஆம்பூர்):
பீடியையே தொடாத என் மாமியாருக்கு விறகடுப்புப் புகையால் இந்நோய் வந்தது. இன்ஹேலரை அவர் எப்படி இழுக்கிறார் என்று செவிலியர் ஒருவர் கவனித்துத் திருத்தி, ஸ்பேசரோடு (மருந்தைத் தேக்கி மெல்ல இழுக்க உதவும், இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) பயன்படுத்தச் சொன்ன பிறகே மருந்து பிடித்தது. ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை அருகில் அமர்ந்து பார்த்தேன்: அப்பா இன்ஹேலரை அழுத்திவிட்டு, அதன் பிறகுதான் வாயருகே கொண்டுபோகிறார். திங்கட்கிழமை அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறோம்.